பிஷப்பின் உள்போர்வை

சேசு, மரி, சூசை

பெரிடேல்
1974 மே 5, ஞாயிறு

அன்புள்ள பெர்னி,

நீ கிளம்பிப் பதினோரு நாள் ஆகிறது. உன் குதிரை நலம். நாங்களும் நலம். குதிரையை முதலில் எழுதியதற்குக் காரணம், கடிதத்தைப் பிரித்ததும் நீ தேடப்போவது அதைத்தான் என்று எனக்குத் தெரியும்.

நீ கொட்டகைக் கதவில் ஆணியடித்து மாட்டிவிட்டுப் போன தாளின்படியே எல்லாம் நடக்கிறது. எட்டு டிகிரிக்குக் கீழே போனால் கம்பளி உள்போர்வைக்கு மேல் கான்வாஸ் போர்வை. பன்னிரண்டைத் தாண்டினால் கான்வாஸைக் கழற்ற வேண்டும். இரண்டுக்கும் நடுவே என்றால் காற்றையும் மேகத்தையும் பார்க்க வேண்டும். உள்போர்வையை மட்டும் குளிர்காலம் முடிந்து நீ செப்டம்பரில் வரும்வரை, இரவானாலும் பகலானாலும், கழற்றவே கூடாது. அந்த வரிக்கு அடியில் சிவப்பில் இரண்டு கோடு போட்டிருக்கிறாய். ஒரு கோடு போட்டிருந்தாலே எனக்குப் புரிந்திருக்கும்.

இதற்கென்று தனி நோட்டு வைத்திருக்கிறேன். காலை ஆறு, பகல் பன்னிரண்டு, மாலை நான்கு என்று மூன்று கட்டம். வெள்ளிக்கிழமையை மட்டும் இங்கே எழுதுகிறேன். காலை மைனஸ் நான்கு, தண்ணீர்த் தொட்டியின் மேல் கண்ணாடி போல உறைபனி: கான்வாஸ் போட்டேன். பகல் பதினேழு, ஈகூட வந்தது: கழற்றினேன். மூன்றரைக்கு மலைப்பக்கமிருந்து காற்று திரும்பி ஏழுக்கு இறங்கியது: போட்டேன். டெஸ் வேலியோரம் நின்று பார்த்துவிட்டு, "ஏன் நோரீன், கல்யாணமான நாள்ல இருந்து எனக்கு இத்தன தடவ கோட்டு மாட்டி விட்டிருக்கியா நீ?" என்றார். "நீங்க பெர்னியோட குதிரையா இருந்திருந்தா மாட்டி விட்டிருப்பேன்" என்றேன்.

ஒரு சந்தேகம். பகல் பதினேழில் கம்பளியின் விளிம்போரம் கழுத்து வேர்த்திருந்தது. உன் தாளில் உள்போர்வைக்கு விதிவிலக்கு இல்லை. கேட்டு எழுதுகிறேன், அவ்வளவுதான். நானாக எதுவும் முடிவெடுக்கவில்லை.

இன்னொன்று. அந்தப் பிராணியை 'பிஷப்' என்று நான் கூப்பிட மாட்டேன். நற்கருணை வாங்குகிற நாக்கு இது. நோட்டில் 'குதிரை' என்றுதான் எழுதுகிறேன்.

அக்கா
நோரீன்


நெயாஃபு, டோங்கா
மே 20

அக்கா,

உன் கடிதம் பன்னிரண்டு நாள் பயணம் செய்து மே 17 அன்று வந்து சேர்ந்தது. இங்கே நிழலில் முப்பது டிகிரி. உறைபனி என்று நீ எழுதியதை வாசித்தபோது பொறாமையாக இருந்தது.

வேர்த்தால் வேர்க்கட்டும். அவனுக்கு இருபத்து நான்கு வயது. அந்த வயதுக்கு வேர்வை ஒன்றும் செய்யாது, குளிர்தான் கொல்லும். உள்போர்வையைக் கழற்றித் துவைக்கிறேன் என்று மட்டும் ஆரம்பித்துவிடாதே. எனக்கு உன்னைத் தெரியும். உன் வீட்டில் கரித்துணிகூட வெள்ளையாக இருக்கும். ஆனால் அந்தக் கம்பளி காய இரண்டு நாள் ஆகும், உங்கள் ஊர் வானம் மாற இரண்டு மணி நேரம் போதும். வெயிலைப் பார்த்து ஏமாறாதே.

இதை எழுத வேண்டாமென்றுதான் இருந்தேன். எழுதிவிடுகிறேன். டான்ஸி. 1957 அக்டோபர். அப்பா எனக்கென்று வாங்கித் தந்த ஒரே குட்டி. நல்ல வெயில் என்று அதன் போர்வையைக் கழற்றிவிட்டு நீ பூசைக்குப் போனாய். மூன்று மணிக்குத் தெற்குக் காற்றும் பனிமழையும் வந்தன. செவ்வாய்க்கிழமை குட்டி செத்துப்போனது. அன்றைக்கும் நீ நல்லதென்று நினைத்துத்தான் முடிவெடுத்தாய். அதனால்தான் சொல்கிறேன்: இந்தத் தடவை நீ முடிவெடுக்காதே. தாள் முடிவெடுக்கும், நீ செய்.

இங்கே ஆஸ்பத்திரியில் என்னோடு வேலை பார்க்கும் மேலே என்ற நர்ஸுக்கு உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். இந்த ஊரில் குதிரைகள் அம்மணமாகத் தெருவில் திரிகின்றன. "நெசமாவா சிஸ்டர், உங்க ஊர்ல குதிரைக்குச் சட்டை போடுவீங்களா?" என்றாள். போடுவோம் என்றேன். "அப்ப ஞாயித்துக்கிழமைக்கு வேற சட்டையா?" சிரித்துச் சிரித்து மருந்துத் தட்டைக் கவிழ்க்கப் பார்த்தாள்.

பெர்னி


சேசு, மரி, சூசை

பெரிடேல்
ஜூன் 2, ஞாயிறு

அன்புள்ள பெர்னி,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. அன்று காலையிலிருந்து பனி கொட்டிக்கொண்டிருந்தது. 'வெயிலைப் பார்த்து ஏமாறாதே' என்ற வரியை முழங்கால் பனியில் தபால் பெட்டிக்கு அருகே நின்று படித்தேன். தபாலில் வரும் யோசனைக்கும் இந்த ஊர் வானத்துக்கும் ஒருநாளும் ஒத்துப்போகாது. ஆனால் உன் தாள் பொருந்துகிறது. தாளின்படியே செய்கிறேன்.

டான்ஸியைப் பற்றி எழுதியிருந்தாய். படித்ததும் கொட்டகைக்குப் போய் வார்களை இன்னொரு தடவை சோதித்தேன்.

நோட்டிலிருந்து நீ தெரிந்துகொள்ள வேண்டியவை: மே மாதத்தில் எண்பத்தொரு தடவை கான்வாஸ் போட்டிருக்கிறேன், எண்பது தடவை கழற்றியிருக்கிறேன். மீதி ஒன்று இப்போது அதன் முதுகில் இருக்கிறது. உள்போர்வை கழற்றவே இல்லை. வயிற்று வார் தொளதொளவென்று ஆனதால் மூன்றாம் துளையிலிருந்து ஐந்தாம் துளைக்கு இறுக்கினேன். பழைய கம்பளி, நைந்து நீண்டுவிட்டது போலிருக்கிறது.

உன் குதிரைக்குச் சாப்பாட்டு ஒழுக்கம் போதாது. உலர்புல்லை மென்று மென்று, கோழிமுட்டை அளவு உருண்டையாக்கிக் கீழே துப்புகிறது. டெஸ்ஸின் அப்பா கடைசிக் காலத்தில் இறைச்சியைத் தட்டோரம் ஒதுக்கி வைப்பாரே, அதே மாதிரி. தினமும் அரை வாளி வாரி எடுக்கிறேன். மற்றபடி பார்வைக்கு நன்றாக இருக்கிறது. "பிஷப் உருண்டு திரண்டுட்டார் பாத்தியா? மறைமாவட்டம் செழிப்பாத்தான் இருக்கு" என்று டெஸ் சொன்னார். அந்தப் பேச்சு வேண்டாம் என்றேன். ஆனால் கம்பளிக்கு மேல் கான்வாஸும் போட்டு நிற்கும்போது அப்படித்தான் தெரிகிறது.

அக்கா
நோரீன்


நெயாஃபு
ஜூன் 15

அக்கா,

அவசரமாக எழுதுகிறேன், படகு கிளம்பப்போகிறது. அருமை. மனசு நிறைந்துவிட்டது. உன்னிடம் இப்படி ஒரு நோட்டைக் கொடுக்காமல் பதினேழு வருடம் வீணாக்கிவிட்டேன்.

ஒரு திருத்தம்: ஜூனிலிருந்து எட்டு இல்லை, பத்து. பத்துக்குக் கீழே போனாலே கான்வாஸ். காற்றோடு மழை என்றால் பதினான்கிலும் போடு. வார் தளர்ந்தால் இறுக்கிக்கொள், ஈரத்தில் கம்பளி நீளத்தான் செய்யும்.

இங்கே அம்மை பரவுகிறது. தூக்கமில்லை. அங்கே நீ இருப்பதால் ஒரு கவலை குறைந்தது.

பெர்னி


பெரிடேல்
ஜூன் 27, வியாழன்

பெர்னி,

உட்கார்ந்துகொண்டு படி.

தந்தி உனக்கு இதற்கு முன்பே கிடைத்திருக்கும். தந்தியில் எழுத முடியாததை இதில் எழுதுகிறேன். எதையும் மறைக்கப்போவதில்லை.

இன்று காலை பத்து மணிக்கு லாடம் மாற்ற க்ளாரி நோக்ஸ் வந்தார். வழக்கம்போல் டெஸ்ஸை வம்புக்கு இழுத்துக்கொண்டே முன்கால் இரண்டையும் முடித்தார். பின்கால் தூக்க இடுப்பில் தோளைச் சாய்த்தவர் பேச்சை நிறுத்திவிட்டார். கம்பளிக்கு மேலேயே கையை வைத்து அழுத்திப் பார்த்தார்.

"ஏம்மா நோரீன், இந்தக் கம்பளிக்குள்ள குதிரை இருக்கா, ஏணி இருக்கா?"

நான் சிரித்தேன். கடவுள் என்னை மன்னிக்கட்டும், முதலில் சிரித்துவிட்டேன். "தினம் மூணு வேள பாக்கறேன் க்ளாரி" என்றேன்.

"எதப் பாக்கற?"

என்னிடம் நோட்டு இருந்தது. நீட்டினேன். அவர் அதை வாங்கவில்லை.

"கழட்டு" என்றார்.

அப்போது நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கழட்டக் கூடாது, பெர்னி செவப்புல ரெண்டு கோடு போட்டிருக்கா" என்றேன். என் காதால் கேட்டேன், என் வாய்தான் சொன்னது. க்ளாரி என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு அவரே வார்களை அவிழ்த்தார்.

கம்பளி எளிதில் வரவில்லை. தோள்மேட்டில் ஒட்டிக்கொண்டிருந்தது. உரித்தபோது மயிரும் தோலும் சேர்ந்து வந்தன. உள்ளங்கை அகலத்துக்கு இரண்டு பக்கமும் சிவப்பு, ஓரத்தில் சீழ். அந்த வாடை இன்னும் மூக்கை விட்டுப் போகவில்லை. அதற்குக் கீழே, பெர்னி, குதிரை இல்லை. முதுகெலும்பு வேலிக் கம்பி போல நிற்கிறது. இடுப்பெலும்பின் இரண்டு முனையிலும் தொப்பி மாட்டலாம். விலா எலும்பு ஒவ்வொன்றுக்கும் நடுவே என் விரல் நுழைந்தது. இடப்பக்கம் பதினாறு எண்ணினேன். மீதி இரண்டும் தோளுக்கு அடியில். பிணங்களுக்கு நான் உடை உடுத்தியிருக்கிறேன், உனக்குத் தெரியும். உயிரோடு நிற்கும் ஒன்றை இப்படிப் பார்த்ததில்லை. டெஸ் தொப்பியைக் கழற்றிவிட்டார். குதிரை எங்களைத் திரும்பிப் பார்த்துவிட்டு, குளிரில் நடுங்க ஆரம்பித்தது.

அப்போது ஒன்பது டிகிரி. அதையும் நோட்டில் எழுதியிருக்கிறேன். கை தானாக எழுதிவிட்டது.

இரண்டு மணிக்கு மிருக வைத்தியர் பெல் வந்தார். இளவட்டம், ஆனால் பொறுமைசாலி. வாயைத் திறந்து விளக்கடித்து என்னையும் பார்க்கச் சொன்னார். கடைவாய்ப் பல் ஒன்று ஆடுகிறது, இன்னொன்று கொக்கி போல் வளர்ந்து கன்னத்தைக் கிழித்திருக்கிறது. "புல்ல மெல்லும், முழுங்க முடியாது, துப்பிரும். உருண்ட உருண்டையா கெடந்திருக்குமே, யாரும் பாக்கலையா?" என்றார்.

பார்த்தேன் டாக்டர் என்றேன். வாரிக் கொட்டினேன் என்றேன்.

அவர் சொன்னது இதுதான், ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல்: "இந்த வயசுக்கும் இந்தக் குளிருக்கும் சுட்டுர்றதுதான் இரக்கம். இல்லன்னா பல்லப் புடுங்கி, ராவி விட்டுட்டு, தவிட்டுக் கஞ்சி ஊட்டிப் பாக்கலாம். உடம்புல கொழுப்பே இல்ல. இனிமே அதுக்குப் போர்வை தப்பா ஒரு மணி நேரம் இருந்தாலும் போதும், முடிஞ்சுரும். கூடவே ஒரு ஆள் இருக்கணும். ஆனா குதிரை உங்களோடது இல்லையே. கேட்டுச் சொல்லுங்க." பல்லை மட்டும் அப்போதே சரிசெய்துவிட்டுப் போனார்.

உன் குதிரை, பெர்னி. நீ சொல்.

நோரீன்


நெயாஃபு
ஜூலை 1

நோரீன்,

சனிக்கிழமையே தந்தி கொடுத்துவிட்டேன். 'சுடச் சொல். உள்போர்வையோடு புதை. பெர்னி.' இந்நேரம் முடிந்திருக்கும்.

உன் தந்தியை எத்தனை முறை படித்தேன் என்று தெரியவில்லை. 'குதிரை எலும்பும் தோலும். பல் கோளாறு. சுடவா வைத்தியமா.' தந்தியில்கூட உனக்கு அவன் பெயரை எழுத மனம் வரவில்லை.

எலும்பும் தோலும் என்றால் என்ன அர்த்தம்? ஒரு குதிரை ஒரே ராத்திரியில் எலும்பும் தோலும் ஆகாது. இரண்டு மாதம் ஆகும். அந்த இரண்டு மாதமும் நீ அங்கேதான் இருந்தாய். தினமும் மூன்று வேளை போனாய். என்ன பார்த்தாய்? மே மாதத்தில் எண்பத்தொரு தடவை என்று எனக்குக் கணக்கு எழுதினாயே, அதில் ஒரு தடவையாவது அவனை ஏறிட்டுப் பார்த்தாயா?

அன்று டான்ஸி. இன்று பிஷப். நர்ஸ் என்று தொப்பி போட்டுக்கொண்டு இங்கே ஊரான் பிள்ளைகளுக்கு நெற்றியில் கைவைத்துக்கொண்டு இருக்கிறேன். இன்று ஒரே பிள்ளைக்கு இரண்டு தடவை ஊசி போடப் பார்த்தேன். நர்ஸ் மேலே என்னை வெளியே அனுப்பிவிட்டாள்.

இனிமேல் நோட்டு எழுத வேண்டாம்.

பெர்னி


சேசு, மரி, சூசை

பெரிடேல்
ஜூலை 6, சனி

அன்புள்ள பெர்னி,

உன் தந்தி திங்கட்கிழமை காலை வந்தது. தபால் நிலையத்து டோரத்தி அதைக் கையில் கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அப்போதே தெரிந்துவிட்டது.

டெஸ் துப்பாக்கியை எடுத்துக்கொண்டார். குழி தோண்ட ஆளுக்குச் சொல்லியாகிவிட்டது. நான் கடைசியாக ஒரு வாளி கஞ்சி எடுத்துப் போனேன். தவிடு, வேகவைத்த பார்லி, கொஞ்சம் வெல்லப்பாகு. வெறும் வயிற்றோடு அனுப்பக் கூடாது என்றுதான், வேறு எண்ணம் இல்லை. அது வாளிக்குள் முகத்தைவிட்டு, பெர்னி, சத்தம் போட்டுக் குடித்தது. துப்பவில்லை. காலியானதும் வாளியை மூக்கால் முட்டி என் காலடிக்குத் தள்ளியது. இன்னும் கொண்டு வா என்கிற மாதிரி.

"டெஸ், துப்பாக்கிய உள்ள வைங்க" என்றேன்.

"பெர்னி சொல்லிட்டாளே நோரீன்."

"பெர்னி சொன்னத அப்படியே கேட்டுத்தான் இங்க வந்து நிக்கிறோம்."

அவர் துப்பாக்கியை உள்ளே வைத்தார். பிறகு குழி தோண்ட வந்தவனுக்குத் தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டார்.

உன் வார்த்தையை மீறிவிட்டேன். உன் பொருளைப் பிடித்துவைத்திருக்கிறேன். திருட்டுக்குச் சமம் என்று நேற்று பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். பங்குச் சாமி, "குதிரை உயிரோட இருக்கா?" என்று கேட்டார். "இப்போதைக்கு இருக்கு சாமி, நாளைக்குத் தெரியல." "அப்ப நாளைக்கு வந்து பாவம் சொல்லும்மா" என்றார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உள்போர்வையைத் துவைத்துவிட்டேன். ஏழு தண்ணீர் மாற்றினேன். புண்ணில் படாதபடி தோள்மேட்டில் ஆட்டுத்தோல் வைத்துத் தைத்தேன். அது காய்கிற இரண்டு நாளும் எங்கள் கட்டில் மெத்தைப் போர்வையை அதன் முதுகில் கட்டினேன். டெஸ்ஸும் நானும் கோட்டுப் போட்டுக்கொண்டு தூங்கினோம்.

கதவிலிருந்து உன் தாளைக் கழற்றிவிட்டேன். கிழிக்கவில்லை, மடித்து வைத்திருக்கிறேன். அது உடம்பில் சதை இருக்கும் குதிரைக்கு எழுதியது. இப்போது தெர்மாமீட்டரைப் பார்க்கும் முன் போர்வைக்குள், அதன் முன்னங்கால் முழங்கைக்குப் பின்னால் கையை விடுகிறேன், பிறகு காதின் அடியில். காதடி குளிர்ந்திருந்தால் வெயில் அடித்தாலும் போடுகிறேன். ஈரம் கசிந்தால் உறைபனியானாலும் ஒன்றைக் கழற்றுகிறேன். நேற்று மட்டும் பதினோரு தடவை மாற்றினேன். சரியா தப்பா என்று கேட்க யாரும் இல்லை. உன்னைக் கேட்டால் பதில் வருவதற்குள் மாதம் ஆகிவிடும்.

பிழைக்கும் என்று சொல்லமாட்டேன். தினமும் எல்லாப் போர்வையையும் கழற்றி விலாவை எண்ணுகிறேன். இன்றும் பதினாறு.

அக்கா
நோரீன்


நெயாஃபு
ஜூலை 14, ஞாயிறு

அக்கா,

உன் ஜூன் 27 கடிதம் நேற்று வந்தது. தலைப்பில் சேசு, மரி, சூசை இல்லை. நாற்பது வருடத்தில் நீ அதை எழுத மறந்து நான் பார்த்ததில்லை. படிப்பதற்கு முன்பே பயந்துவிட்டேன்.

நான் உன்னைத் திட்டி ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். அது உன் கைக்கு வந்திருக்கும். தடுக்க வழியில்லை.

'உருண்டை உருண்டையாகக் கிடந்திருக்குமே' என்று வைத்தியர் கேட்டதாக எழுதியிருந்தாய். அந்த வரி எனக்கு எங்கோ படித்தது போல் இருந்தது. ராத்திரி எழுந்து உன் பழைய கடிதங்களை எடுத்தேன். ஜூன் 2. அக்கா, நீ எழுதியிருந்தாய். கோழிமுட்டை அளவு உருண்டை என்று எழுதியிருந்தாய். பல் போன டெஸ்ஸின் அப்பா இறைச்சியை ஒதுக்கிய கதையைக்கூட எழுதியிருந்தாய். வார் மூன்றாம் துளையிலிருந்து ஐந்தாம் துளைக்குப் போனது என்றும் எழுதியிருந்தாய். ஐந்து வாரத்தில் இரண்டு துளை! தினமும் பிள்ளைகளின் மேற்கைச் சுற்றளவை அளந்து ஊட்டச்சத்துக் குறிக்கிறவள் நான். எந்த அம்மா வந்து 'பிள்ளை துப்புகிறான், இடுப்புத் துணி தொளதொளவென்று ஆகிவிட்டது' என்று சொன்னாலும் அடுத்த நிமிடம் பிள்ளையின் சட்டையைக் கழற்றிப் பார்ப்பேன். உன் கடிதத்தைப் படித்துவிட்டு, ஈரத்தில் கம்பளி நீளும் என்று பதில் எழுதினேன். உருண்டையைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. ஏனென்றால் நான் உன் கடிதத்தில் தேடியது ஒன்றே ஒன்றுதான்: போர்வையைக் கழற்றிவிட்டாயா, இல்லையா.

நர்ஸ் மேலேயிடம் சொன்னேன். அவள் இந்தத் தடவை சிரிக்கவில்லை. "எங்க குதிரைக்குச் சட்டை கெடையாது, எளைச்சா எங்களுக்குத் தெரிஞ்சிருக்கும் சிஸ்டர்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

உனக்குக் கண் தெரியாமல் இல்லை. நான்தான் இரண்டு சிவப்புக் கோட்டால் உன் கண்ணைக் கட்டிவிட்டேன்.

அவனை எங்கே புதைத்தீர்கள்? ஓடைக்கு அந்தப் பக்கம் என்றால் நல்லது. அங்கே வெயில் முதலில் விழும்.

பெர்னி


சேசு, மரி, சூசை

பெரிடேல்
ஜூலை 28, ஞாயிறு

அன்புள்ள பெர்னி,

எங்கேயும் புதைக்கவில்லை. என் ஜூலை 6 கடிதம் உனக்கு இதற்குள் கிடைத்திருக்கும். கிடைக்காவிட்டால் இதை இரண்டு தடவை படி: புதைக்கவில்லை. இதை எழுதும்போது ஜன்னல் வழியாகத் தெரிகிறது. வாளியை உதைத்துக்கொண்டிருக்கிறது.

உன் ஜூலை முதல் தேதிக் கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்பில் போட்டேன். பதினான்காம் தேதிக் கடிதம் ஜெபப் புத்தகத்தில் இருக்கிறது. என் கண்ணைக் கட்டிவிட்டதாக எழுதியிருக்கிறாய். அது முழு உண்மை இல்லை. எனக்கு அந்தத் தாள் வேண்டியிருந்தது, பெர்னி. தாள் இருந்தால் தப்பு என்னுடையதாக இருக்காது. ஏன் அப்படி நினைத்தேன் என்பதைச் சொல்கிறேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, பாவசங்கீர்த்தனத்தில்கூட.

1957இல் அந்த ஞாயிறு. பூசை முடிந்து மண்டபத்தில் மதிய விருந்து, அப்புறம் தேநீர். நான்தான் கேக் வெட்டிக்கொண்டிருந்தேன். மூன்று மணிக்குத் தெற்குப் பக்க ஜன்னல் படாரென்று அடித்தது. எனக்குக் கேட்டது. காற்று திரும்பிவிட்டது என்றும் தெரிந்தது. டான்ஸியின் முதுகில் ஒன்றும் இல்லை என்றும் நினைவுக்கு வந்தது. மிஸஸ் ப்ரெனன் என் கேக்கைப் புகழ்ந்துகொண்டிருந்தாள். இன்னும் பத்து நிமிடம் என்று நினைத்தேன். ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. நீ பதினேழு வருடமாக, நான் வெயிலைப் பார்த்து ஏமாந்தேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். நான் ஏமாறவில்லை. எனக்குத் தெரிந்திருந்தது.

இப்போது போன ஞாயிறைக் கேள். காலை மைனஸ் ஆறு. ஒன்பதரைக்குப் பதினைந்து, மேகமே இல்லை. காதடி சூடாக இருந்தது, முழங்கைக்குப் பின் ஈரம். எல்லாவற்றையும் கழற்றி, புண்ணில் காற்றுப்பட விட்டுவிட்டுப் பூசைக்குப் போனேன். டெஸ் ஆட்டைத் தேடி மலைக்குப் போயிருந்தார். பிரசங்கத்தின் நடுவில் கோயிலின் தெற்கு ஜன்னல் அடித்தது.

எழுந்துவிட்டேன். இரண்டாவது வரிசையிலிருந்து, எல்லோருடைய முழங்காலையும் இடித்துக்கொண்டு. முப்பது வருடத்தில் நான் பூசையின் நடுவில் எழுந்ததில்லை. சாமி பேச்சை நிறுத்திவிட்டார். "என்னம்மா நோரீன், யாருக்காவது ஒடம்பு சரியில்லையா?"

"பிஷப்புக்கு, சாமி" என்றேன். வாயில் வந்துவிட்டது.

கோயிலே திரும்பிப் பார்த்தது. மிஸஸ் ப்ரெனன் சிலுவை போட்டுக்கொண்டாள். நான் நின்று விளக்கவில்லை, வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தேன். நான் போன பிறகு நம் மேற்றிராணியாருக்காக, அதாவது நிஜப் பிஷப்புக்காக, கோயில் முழுவதும் முழங்காலிட்டு ஜெபமாலையில் பத்து மணி உருட்டியிருக்கிறார்கள். அன்று மாலை இரண்டு பேர் ஊர் ஊராகப் போன் போட்டு, அவர் நலமாகப் பன்றி இறைச்சி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்துகொண்டார்களாம். அந்த ஜெபம் யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று நான் சொல்ல மாட்டேன்.

வாசலுக்கு வரும்போது பனிமழை பக்கவாட்டில் அடித்தது. வேலியோரம் முதுகைக் காற்றுக்குக் கொடுத்து நின்றுகொண்டிருந்தான். காதடி குளிரத் தொடங்கியிருந்தது, அவ்வளவுதான். பன்னிரண்டு நிமிடத்தில் வந்துவிட்டேன். துடைத்து, கம்பளி, மேலே கான்வாஸ். வைக்கோலை எடுத்து வயிற்றைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். ஞாயிற்றுக்கிழமைக்கென்று வைத்திருந்த என் நீல உடை நாசமாகிவிட்டது. நடுக்கம் நிற்கும்வரை விடவில்லை.

நோட்டு எழுத வேண்டாம் என்று எழுதியிருந்தாய். அதையும் மீறிவிட்டேன். இன்றைய பக்கத்தை அப்படியே இங்கே எழுதுகிறேன்.

ஜூலை 28. காலை ஆறு: மைனஸ் இரண்டு, காற்றில்லை. எல்லாம் கழற்றினேன். புண் காய்ந்திருக்கிறது, ஓரத்தில் புதுமயிர். விலாவைக் கையால் தடவி எண்ணினேன், இரண்டு தடவை. பிஷப்: பதினொன்று. மீதி ஐந்து கையில் அகப்படவில்லை.

அக்கா
நோரீன்